தைரியம் சொல்லுகிறவர்களுக்கு

சமீபத்தில் வார இதழ் ஒன்றில் வெளியான என் சிறுகதையின் மீது வாசகர்கள் பலருக்குக் கோபம். அந்தக் கதையில் வருகிற அம்மாள் ஒழுக்கம் தவறினாள் என்றோ, கணவனை எதிர்த்துப் பேசினாள் என்றோ அவர்கள் கோபிக்கவில்லை. அவள் ஒரு மனநோய் மருத்துவரிடம் போய்விட்டாள்! அதுதான் குற்றம்.

கதை மிகச் சாதாரணமானது. ஐம்பதை எட்டிக்கொண்டிருக்கும் ஒரு குடும்பத் தலைவி. பெண்ணுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது; பையன் வெளியூரில் வேலை பார்க்கிறான்; கணவர் நல்லவர். இன்ன குறை என்று விரல் நீட்டிக் காட்ட முடியாத வீடு. அந்த வீட்டில் அவள் தினமும் விடியற்காலை மூன்று மணிக்கு விழித்துக்கொண்டு, இருட்டில் கூரையைப் பார்த்தபடி கிடக்கிறாள். சாப்பாடு ருசிக்கவில்லை. குழம்புக்கு இரண்டு தரம் உப்புப் போடுகிறாள். 'என்ன உடம்புக்கு?' என்று யாராவது கேட்டால் அழுகை வருகிறது, 'ஏன் அழுகிறாய்?' என்றால் சொல்லத் தெரியவில்லை. ஆறு மாதம் இப்படிப் போன பிறகு அவள் தங்கை அவளை டாக்டரிடம் அழைத்துப் போகிறாள். கதை முடிகிறபோது அவள் ஒரு நாள் ஐந்து மணி வரை தூங்குகிறாள். அவ்வளவுதான் கதை.

'நாலு கோயிலுக்குப் போய் வந்திருந்தால் சரியாகியிருக்குமே' என்று எழுதுகிறார் ஒருவர். 'வேலை இல்லாத கொழுப்பு' என்கிறார் இன்னொருவர். 'எங்கள் பாட்டி பத்துப் பிள்ளை பெற்று வளர்த்தாள். அவளுக்கு இந்த வியாதியெல்லாம் வரவில்லை' என்பது மூன்றாமவரின் அபிப்பிராயம். ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் மிகுந்த மரியாதையோடு எழுதியிருந்தார்: 'வள்ளுவர் இடுக்கண் அழியாமை என்று ஓர் அதிகாரமே பாடி வைத்திருக்கிறாரே! அதை அந்த அம்மாளின் கையில் கொடுத்திருக்கக் கூடாதா?'

எல்லாக் கடிதங்களையும் சேர்த்துப் பிழிந்தால் கிடைக்கிற சாறு ஒன்றே ஒன்று: 'மனசைத் தைரியமாக வைத்துக்கொள்ள வேண்டும்.' என் சண்டை அந்த வாக்கியத்தோடுதான்.

மனசைத் தைரியமாக வைத்துக்கொள்ள வேண்டும். சரி, எதைக் கொண்டு? கண்ணுக்கு நோய் வந்தால் கையைக் கொண்டு மருந்து விட்டுக்கொள்ளலாம். கையில் கட்டி வந்தால் காலைக் கொண்டு நடந்து வைத்தியரிடம் போகலாம். மனசுக்கே நோய் வந்தால்? அதைத் திடப்படுத்துகிற வேலையையும் அந்த நோய்ப்பட்ட மனசேதான் செய்தாக வேண்டும் என்கிறோம். காய்ச்சலில் கிடப்பவனை எழுப்பி, 'அடுப்பைப் பற்ற வைத்து நீயே கஞ்சி காய்ச்சிக் குடி' என்று சொல்லுகிற தர்மம் இது.

அதோடு போனாலும் பரவாயில்லை. மனச்சோர்வு என்கிற வியாதிக்கு ஒரு குணம் உண்டு. அதில் விழுந்தவர், காரணம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், குற்றத்தைத் தம் தலையிலேயே போட்டுக்கொள்வார். 'நான் எதற்கும் லாயக்கில்லை. என்னால் எல்லாருக்கும் தொந்தரவு' என்று ஓயாமல் உள்ளே ஒரு குரல் சொல்லிக்கொண்டிருக்கும். இது அவருடைய சுபாவமல்ல. இருமலும் சளியும் போல, நோயின் அடையாளங்களில் ஒன்று. இந்த நிலையில் இருப்பவரிடம் போய், 'நீ மனசு வைத்தால் முடியும்' என்று சொன்னால் அவர் காதில் என்ன விழும்? 'முடியாமல் போனது உன் குற்றம்' என்றுதான் விழும். உள்ளே பேசுகிற நோய்க்கு வெளியிலிருந்து ஒரு சாட்சி கிடைத்துவிடுகிறது! இதுவரை நோயாளியாக மட்டும் இருந்தவர் இனிமேல் கோழையுமாகிறார்.

சொன்னவருக்கோ இதில் ஒரு காசு செலவில்லை. தைரியம் சொல்லிவிட்டோம், கடமை தீர்ந்தது என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விடலாம். இந்த வாக்கியம் இத்தனை தலைமுறையாகச் செலாவணியில் இருப்பதற்கு அதுதான் காரணமென்று நான் நினைக்கிறேன்.

பாட்டி காலத்தில் இதெல்லாம் இருந்ததா என்று கேட்கிறவருக்கு ஒரு பதில் சொல்ல வேண்டும். இருந்தது. பெயர்தான் வேறு. 'அவளுக்குக் காற்றுக் கருப்பு' என்றார்கள். 'அவருக்கு விரக்தி, காசிக்குப் போய்விட்டார்' என்றார்கள். 'பிள்ளை பெற்றதிலிருந்து அவள் ஒரு மாதிரி' என்றார்கள். பெரிய வீடுகளில் பின்கட்டு அறை ஒன்று எப்போதும் வெளியே தாழிட்டிருந்தது. அதற்குள் இருந்த சித்தப்பாவைப் பற்றிக் கல்யாணத்துக்கு வருகிற சம்பந்தி வீட்டாரிடம் யாரும் பேசியதில்லை. பத்துப் பிள்ளை பெற்ற பாட்டி விடியற்காலை மூன்று மணிக்கு விழித்துக்கொண்டு கிடந்தாளா, இல்லையா என்பது பேரனுக்கு எப்படித் தெரியும்? அவளை யார் கேட்டார்கள்?

சென்னையில் மனநோயாளிகளுக்கென்று ஒரு விடுதி ஏற்பட்டது 1794ஆம் ஆண்டில். வாலண்டைன் கானலி என்ற ஆங்கிலேய மருத்துவர் ஏற்படுத்தியது. 1871இல் கீழ்ப்பாக்கத்தில் இப்போதிருக்கும் இடத்துக்கு அது வந்து சேர்ந்தது. இருநூறு வருஷத்துக்கு மேலாக நம் நடுவே இருக்கிற ஒரு மருத்துவமனையை நாம் என்ன செய்து வைத்திருக்கிறோம்? ஓர் ஊரின் பெயரையே வசைச் சொல்லாக்கி வைத்திருக்கிறோம். 'கீழ்ப்பாக்கம் கேஸ்' என்றால் சினிமாக் கொட்டகையில் சிரிப்பு. பத்திரிகையின் நகைச்சுவைத் துணுக்கிலே சிரிப்பு. அதே மருத்துவமனைக்கு 1961இல் முதல் பெண் கண்காணிப்பாளராக வந்த டாக்டர் சாரதா மேனனின் பெயர் அப்படிச் சிரித்தவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? அந்த அம்மையார் 1984இல் சென்னையில் ஸ்கார்ஃப் என்ற அமைப்பைத் தொடங்கி, நோய் தணிந்தவர்கள் வேலைக்கும் வீட்டுக்கும் திரும்புவதற்கு வழி செய்தார். 2021இல் தம் 98ஆம் வயதில் காலமானார்.

சிரிப்பு வெட்கத்தில் கொண்டு விடுகிறது. வெட்கம் மறைப்பதில் கொண்டு விடுகிறது. மறைத்ததன் கடைசிப் படி எது என்பதை 2001ஆம் வருஷம் ஆகஸ்டு 6ஆம் தேதி பார்த்தோம். ராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில், தனியார் காப்பகம் ஒன்றின் கொட்டகை விடியற்காலையில் தீப்பற்றியது. உள்ளே இருந்தவர்களுக்குக் காலில் சங்கிலி. 28 பேர் மாண்டார்கள். அங்கே அவர்களைக் கொண்டுவந்து விட்டவர்கள் கொடியவர்களல்ல. நம்மைப் போன்ற அண்ணன்மாரும் தாய் தகப்பன்மாரும்தான். தர்காவின் மீது அவர்கள் வைத்திருந்த நம்பிக்கையை நான் குறை சொல்லவில்லை. துயரப்படுகிறவனுக்குத் தெய்வ சந்நிதி ஆறுதல் தரும், தரட்டும். ஆனால் டைபாய்டு வந்த பிள்ளைக்குத் திருநீறும் பூசுகிறோம், டாக்டரிடமும் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம். மனசுக்கு வந்தால் மட்டும் திருநீறோடு நிறுத்திக்கொள்வது பக்தியா, வெட்கமா? கோயிலைச் சொல்லிக் கடிதம் எழுதிய நண்பர் நெஞ்சைத் தொட்டுப் பதில் சொல்லட்டும்.

'இது எங்கோ நாலு பேருக்கு வருகிற விஷயம்' என்றும் ஒதுக்க முடியாது. பெங்களூர் நிமான்ஸ் நிறுவனம் 2015-16இல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் வீடு வீடாகப் போய் ஆராய்ந்தது. வயது வந்தவர்களில் நூற்றுக்குச் சுமார் 10 பேருக்கு ஏதோ ஒரு மனநோய் இருந்தது. அப்படி இருந்தவர்களில், நோயின் வகைக்குத் தக்கபடி, நூற்றுக்கு 70 பேரிலிருந்து 92 பேர் வரை சிகிச்சை பெறாதவர்கள். இவர்களில் தைரியம் சொல்லப்படாதவர் ஒருவராவது இருந்திருப்பாரா? நம் நாட்டில் அரிசிக்குப் பஞ்சம் வந்ததுண்டு. தைரியம் சொல்லுகிறவர்களுக்குப் பஞ்சம் வந்ததே இல்லை.

இனி அந்தத் தமிழாசிரியருக்கு வருகிறேன். ஐயா, வள்ளுவர் 63ஆம் அதிகாரத்தில் இடுக்கண் அழியாமை பாடினார், மறுக்கவில்லை. அதே வள்ளுவர் 95ஆம் அதிகாரத்தில் மருந்து பாடியிருக்கிறாரே, அதை ஏன் புரட்டவில்லை? நோய் இன்னதென்று தேர்ந்து, அதன் காரணத்தைத் தேடி, அதைத் தணிக்கிற வழியைப் பார்க்கச் சொல்லுகிறார் அங்கே. அந்த அதிகாரத்தின் கடைசிக் குறளில் மருத்துவம் என்பதை நாலு பங்காக வகுக்கிறார்: நோயுற்றவன், தீர்க்கிற மருத்துவன், மருந்து, பக்கத்திலிருந்து மருந்தைக் கொடுக்கிறவன். இந்த நான்காம் பங்கைப் பாருங்கள். நோயாளிக்குப் பக்கத்தில் இருப்பவனை அவர் சும்மா துணைக்கு வைக்கவில்லை. மருத்துவத்தின் ஓர் அங்கமாகவே வைத்துவிட்டார்.

என் கட்சி இவ்வளவுதான்: மனநலத்தில் நோயுற்றவனின் பங்கு நாலில் ஒன்று. நாம் செய்திருக்கிற அநியாயம், மற்ற மூன்று பங்கையும் அவன் தலையிலேயே தூக்கி வைத்து, அதற்குத் 'தைரியம்' என்று பெயர் சூட்டியது.

நோயுற்றவரின் பங்கு வாய் திறந்து சொல்லுவது. 'எனக்கு முடியவில்லை' என்று வீட்டில் ஒருவரிடமாவது சொல்லிவிட வேண்டும். நம் வீடுகளில் அது அவ்வளவு சுலபமல்ல என்று எனக்குத் தெரியும். அதனால்தான் நம்மவர்கள் மனசு வலிக்கிறது என்று சொல்லுவதில்லை. தலை வலிக்கிறது, முதுகு வலிக்கிறது, உடம்பெல்லாம் எரிகிறது என்கிறார்கள். உடம்பு வலித்தால் அனுதாபம் உண்டு. மனசு வலித்தால் உபதேசம்தான் உண்டு என்பதை அனுபவத்தில் கண்டுகொண்டவர்கள் அவர்கள்.

மருத்துவரின் பங்கு, நோய் இன்னதென்று கண்டுபிடிப்பது. முதலில் உங்கள் தெரு முனையில் இருக்கிற சாதாரண டாக்டரே போதும். தைராய்டு சுரப்பி மந்தப்பட்டாலும், ரத்த சோகை இருந்தாலும், மனச்சோர்வு போலவே சோர்வும் சலிப்பும் வரும்; ஒரு ரத்தப் பரிசோதனையில் அது தெரிந்துவிடும். அது இல்லையென்றால் அவரே மேலிடத்துக்கு அனுப்புவார். மாவட்டந்தோறும் மனநல சிகிச்சையைக் கொண்டுபோகும் திட்டத்தை மத்திய அரசு 1996இல் தொடங்கியது; மாவட்டத் தலைமை மருத்துவமனைக்குப் போய்க் கேளுங்கள். போகவே கூச்சமாக இருந்தால் 14416 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் பேசலாம். 2022 அக்டோபர் 10ஆம் தேதி தொடங்கிய அரசாங்கச் சேவை அது. காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம்.

மருந்தைப் பற்றி நம்மிடையே இருக்கிற பயம் பெரிது. 'தூக்க மாத்திரை கொடுத்து மந்தமாக்கிவிடுவார்கள். ஆயுசுக்கும் விட முடியாது' என்கிறார்கள். மனச்சோர்வுக்குக் கொடுக்கிற மாத்திரை எல்லாம் தூக்க மாத்திரை அல்ல. அது வேலை செய்ய ஆரம்பிப்பதற்கே இரண்டிலிருந்து நாலு வாரமாகும். இந்த விவரம் தெரியாமல், பத்து நாள் சாப்பிட்டுப் 'பிரயோசனமில்லை' என்று தூக்கி எறிந்தவர்கள் அநேகம். குணம் தெரிந்த மறுநாளே டாக்டரைக் கேட்காமல் நிறுத்திவிட்டுப் பழையபடி விழுந்தவர்களும் அநேகம். லேசான சோர்வென்றால் மாத்திரையே வேண்டாமென்று, பேச்சினாலேயே குணப்படுத்துகிற முறையைச் சொல்லுகிற மருத்துவர்களும் உண்டு. எது வேண்டுமென்பதை அவர் சொல்லட்டும். அடுத்த வீட்டுக்காரர் சொல்ல வேண்டாம்.

நான்காம் பங்குதான் நம்முடையது: பக்கத்தில் இருக்கிறவனின் பங்கு. அதிகமாகச் சண்டை போட வேண்டிய இடமும் இதுவே.

'வேலை இல்லாத கொழுப்பு' என்று எழுதிய நண்பருக்கு ஒரு கணக்குச் சொல்லுகிறேன். 2019ஆம் வருஷம் மத்திய அரசின் புள்ளியியல் அலுவலகம், இந்த நாட்டு ஜனங்கள் ஒரு நாளை எப்படிச் செலவிடுகிறார்கள் என்று கணக்கெடுத்தது. சம்பளமில்லாத வீட்டு வேலை செய்கிற பெண் ஒரு நாளைக்குச் சராசரி 299 நிமிஷம் அதில் செலவிடுகிறாள். ஆண் 97 நிமிஷம். அந்த 97 நிமிஷமும் ஏதாவது வேலை செய்கிற ஆண்களுக்குத்தான். நூற்றுக்கு 26 ஆண்கள்தான் அப்படிச் செய்கிறவர்கள். பெண்களில் 81 பேர். ஐந்து மணி நேரம், வாரத்தில் ஏழு நாள், ஞாயிறு கிடையாது, பணி ஓய்வு கிடையாது. இதை ஒரு தொழிற்சாலையில் செய்தால் சங்கம் சேர்ந்து கொடி பிடிப்பார்கள். வீட்டில் செய்தால் 'வேலை இல்லாத கொழுப்பு'!

இன்னொரு கணக்கும் உண்டு. எழுதவே கை கூசுகிறது. 2021ஆம் வருஷம் இந்தியாவில் தம் உயிரைத் தாமே போக்கிக்கொண்டவர்கள் 1,64,033 பேர் என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் சொல்லுகிறது. அவர்களில் 23,179 பேர் இல்லத்தரசிகள். ஒவ்வொரு மரணத்துக்கும் காரணம் ஒன்றல்ல, பல. ஆனாலும் சமையலறைக்குள் நடப்பது என்னவென்று கூடத்தில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாது என்பதையாவது இந்தக் கணக்கு சொல்லவில்லையா?

சட்டம்கூட நம்மைவிட முன்னால் போய்விட்டது. 2017இல் நிறைவேறி 2018 மே 29 முதல் நடப்புக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், உயிரைப் போக்கிக்கொள்ள முயன்று பிழைத்தவரைக் கடும் மன நெருக்கடிக்கு ஆளானவராகவே கருத வேண்டும், அவரைத் தண்டிக்கக் கூடாது, அவருக்குப் பராமரிப்புத் தருவது அரசாங்கத்தின் கடமை என்கிறது. மனநோயாளியைச் சங்கிலியால் கட்டுவதையும் அது தடுக்கிறது. போலீசும் கோர்ட்டும் தண்டிக்காமல் விட வேண்டிய மனிதரை, உறவினர்களாகிய நாம் 'கோழை' என்று தண்டித்துக்கொண்டிருக்கிறோம்.

'சரி, எங்களை என்னதான் செய்யச் சொல்லுகிறீர்?' என்று கேட்கலாம். கேளுங்கள் என்றுதான் சொல்லுகிறேன். காது கொடுத்துக் கேளுங்கள். கேட்பது பெரிய வேலையா என்று நினைக்க வேண்டாம். அது எத்தனை பெரிய வேலை என்பதை ஆப்பிரிக்காவில் ஜிம்பாப்வே தேசத்துப் பாட்டிமார் காட்டியிருக்கிறார்கள். அங்கே கோடிக் கணக்கில் ஜனங்கள். மனநோய் மருத்துவர்களோ விரல் விட்டு எண்ணுகிற அளவு. டிக்சன் சிபாண்டா என்ற மருத்துவர் 2006ஆம் வருஷம் ஹராரே நகரத்தில் 14 பாட்டிகளைச் சேர்த்துப் பயிற்சி கொடுத்து, சுகாதார நிலையத்து மர நிழலில் பெஞ்சு போட்டு உட்கார வைத்தார். அந்த ஊர்ப் பாஷையில் இந்த வியாதிக்கு 'அதிகமாக யோசிப்பது' என்று பெயராம். நம் வீட்டிலும் 'அவள் ரொம்ப யோசிக்கிறாள்' என்றுதானே சொல்லுகிறோம்! பாட்டிகள் உபதேசம் செய்யவில்லை. வந்தவரைப் பேச விட்டார்கள். சொன்ன கஷ்டங்களில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, அதற்கு இந்த வாரம் என்ன செய்யலாம் என்பதை அவர் வாயாலேயே சொல்ல வைத்தார்கள். 2016இல் ஆராய்ச்சி முடிவு வெளியாயிற்று. ஆறு மாதத்தில், வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைவிடப் பெஞ்சில் உட்கார்ந்து பேசியவர்களுக்கு நோய் நன்றாகத் தணிந்திருந்தது. நம் வீடுகளில் திண்ணையும் இருந்தது, பாட்டியும் இருந்தாள். திண்ணையை இடித்துக் கார் நிறுத்த இடம் செய்தோம். பாட்டியின் கையில் தொலைக்காட்சிப் பெட்டியின் பொத்தானைக் கொடுத்துவிட்டோம்.

அந்த வெற்றிடத்தில் இப்போது புதிய வியாபாரம் ஒன்று நடக்கிறது. மூன்று நாள் முகாமுக்கு ஆயிரக் கணக்கில் கட்டணம் வாங்கிக்கொண்டு, 'அமைதி உனக்குள்ளேயே இருக்கிறது' என்று சொல்லி அனுப்புகிறார்கள். உள்ளேயே இருப்பதற்கு எதற்குக் கட்டணம் என்று ஒருவரும் கேட்பதில்லை. ராத்திரி பத்து மணி வரை ஆளைப் பிழிந்து வேலை வாங்குகிற கம்பெனி, சனிக்கிழமை காலையில் தியான வகுப்புக்கு வரச் சொல்லுகிறது. அதற்குப் பதில் ஆறு மணிக்கு வீட்டுக்கு அனுப்பினால் அவன் தானே தூங்குவானே! தியானத்தின் மீதோ, மூச்சுப் பயிற்சியின் மீதோ எனக்கு விரோதமில்லை. பலருக்கு அது நன்மை செய்கிறது. ஆனால் இந்த வியாபாரிகள் சொல்லுவதும் நம் பழைய வாக்கியத்தையேதான். 'எல்லாம் உன் கையில்' என்கிறார்கள். வேலை நேரம் யார் கையில்? சமையல் யார் கையில்? கடன் யார் கையில்? அதைப் பேசினால் முகாமுக்கு ஆள் சேராது.

ஆகவே என் வேண்டுகோள் சிறியது. உங்கள் வீட்டில் மனைவியோ, மகனோ, வயதான தகப்பனாரோ இரண்டு வாரத்துக்கு மேல் சரியாகத் தூங்காமல், சாப்பிடாமல், பிடித்தமானதில்கூடப் பிடிப்பில்லாமல் இருந்தால், தைரியம் சொல்ல வாயைத் திறக்காதீர்கள். 'ராத்திரி தூங்கினாயா?' என்று கேளுங்கள். பதிலுக்குக் காத்திருங்கள், நடுவே குறுக்கிட்டு உங்கள் கஷ்டத்தைச் சொல்லாதீர்கள். 'இனிமேல் காலைச் சமையல் என்னுடையது' என்று சொல்லி, சொன்னபடி செய்யுங்கள். டாக்டரிடம் நேரம் கேட்டு வைத்துவிட்டு, 'போ' என்று சொல்லாமல் 'வா, போகலாம்' என்று கூடப் போங்கள். திரும்பி வந்த பிறகு மாத்திரையையும் தண்ணீரையும் நீங்களே எடுத்துக் கொடுங்கள்; ஒரு நாளல்ல, டாக்டர் சொல்லுகிற நாள் வரைக்கும். செத்துப்போகலாம் போலிருக்கிறது என்று அவர் சொன்னால் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாமல், தனியே விடாமல், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள்.

இவ்வளவையும் செய்த பிறகும் தைரியம் சொல்லியே ஆகவேண்டும் என்று உங்களுக்குத் தோன்றினால், தாராளமாகச் சொல்லிக்கொள்ளுங்கள். அதற்குள் அவரும் கொஞ்சம் தூங்கி எழுந்திருப்பார். நீங்கள் சொல்லுவது அவர் காதில் விழும்.